கம்ப்யூட்டருக்குத் தெரியாத பத்து நிமிஷம்

எழுபதுகளின் கடைசி. செங்கல்பட்டிலிருந்து தினமும் ஆபீஸ் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாக, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த ஒரு சின்ன ஆய்வு அலுவலகத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்று சொன்னால் கல்யாண வீடுகளில் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

பக்கத்துக் குப்பத்துப் படகுக்காரர் ஒருவர் காலையில் கடலுக்குள் போய் நீரின் சூட்டை அளந்து, சீட்டில் எழுதி, பன்னிரண்டு மணி சுமாருக்குக் கொண்டுவந்து கொடுப்பார். அந்த எண்களை நான் என் அறையில் அட்டைகளில் துளையிட்டு, பன்னிரண்டு இருபத்தைந்துக்குள் பக்கத்து அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் செலுத்திவிடுவேன். பன்னிரண்டரைக்கு, யாரும் தொடாமலே, அது தானாகக் கணக்குப் போட்டுப் பட்டியலை அச்சடித்துவிடும். அட்டைகளைப் போட்ட கையோடு, பிரிண்டர் பக்கம் திரும்பாமலே நான் சாப்பிடப் போய்விடுவேன்; வந்துதான் தாளை எடுத்துக்கொள்வோம். இரண்டு மணிக் கூட்டத்துக்கு எங்கள் அதிகாரி அதைத்தான் கொண்டுபோவார்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த இந்த ஏற்பாடு ஒரு வாரமாகச் சொதப்பியது. பட்டியலுக்குப் பதிலாக, இன்றைய எண்கள் வரவில்லை என்று ஒரே ஒரு வரி. அதே வேலையைச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கையால் ஓட்டினால் ஒழுங்காகப் பட்டியல் வரும். நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். கடல் காற்றில் அட்டைகள் நமத்துவிட்டனவோ என்று புதுக் கட்டைப் பிரித்தேன். அட்டை படிக்கும் கருவியைத் துடைத்தேன். புரோகிராமை பஸ்ஸில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். தாளில் அச்சாகியிருந்த நேரமும் சரியாகப் பன்னிரண்டரை. எங்கேயும் பிடி கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை அதிகாரி கூப்பிட்டார். “கார்டு போடாம சாப்பிடப் போயிடறீங்க. வந்து ஓட்டிட்டு, நேரத்துக்குப் போட்டேன்னு சொல்றீங்க. சனிக்கிழமை உங்களைப் பத்தி ரிப்போர்ட் எழுதணும். என்னம்மா எழுதட்டும்?”

வேலை போய்விடுமே என்று பயந்தது உண்மைதான். ஆனால் அதைவிட, பொய் சொல்கிறேன் என்கிறாரே என்றுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் அது அடிப்பதை யாராவது நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று அன்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

மறுநாள் படகுக்காரர் சீட்டைக் கொடுத்ததும், “அண்ணே, எனக்கு ஒரு உதவி. பிரிண்டர் பக்கத்திலேயே நில்லுங்க. அது அடிக்க ஆரம்பிச்சா உடனே என்னைக் கூப்பிடுங்க. கார்டுல துளை போடற சத்தத்துல எனக்குக் கேக்காது” என்றேன்.

“இன்னாம்மா, மெசினுக்கு நான் காவலா? அது இன்னா எழுந்து ஓடிடப் போவுதா?” என்று சிரித்துக்கொண்டே போய் நின்றார்.

எனக்கு இன்னும் ஐந்தாறு அட்டைகள் பாக்கி இருந்தன. “யம்மா! ஓடியாம்மா! அது தானா அடிச்சிகினு கீது!” என்று ஒரே சத்தம். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். தாளில் பன்னிரண்டரை என்று அச்சாகியிருந்தது. நிமிர்ந்தால், எதிரே சுவர்க் கடிகாரத்திலும் பன்னிரண்டரை!

எங்கள் ஆபீஸ் பஸ் ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் யாருக்காகவும் நிற்காது. அதைத் தவறவிட்டால் ரோட்டில் ஒரு மணி நேரம் காய வேண்டும். அதற்காகவே அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். பார்க்கும்போதே பத்தைக் கழித்துக்கொள்வது எல்லாருக்கும் பழக்கம். முன்பெல்லாம் கம்ப்யூட்டரை அணைப்பதே இல்லை. மின்வெட்டு வந்த பிறகு, அந்த ஒரு வாரமாகத்தான் மாலையில் அணைத்துக் காலையில் போட்டோம். போட்டதும் அது மணி என்ன என்று கேட்கும். பையை வைத்த கையோடு, எதிரே இருந்த கடிகாரத்தைப் பார்த்து அப்படியே தட்டியது வேறு யாருமில்லை, நானேதான்.

படகுக்காரர் தலையைச் சொறிந்தார். “பஸ்ஸுக்கோசரம் அந்தக் கடியாரம் முன்ன ஓடிகினு கீதுன்னு எங்க குப்பத்துக்கே தெரியுமேம்மா. இதுகிட்ட யாரும் சொல்லலியா?”

சத்தம் போடாமல் நேரத்தைத் திருத்தியிருந்தால் பட்டியல் வந்திருக்கும், வேலையும் தப்பியிருக்கும். ஆனால், மிரட்டியதும் வழிக்கு வந்துவிட்டாள் என்றல்லவா அதிகாரி நினைப்பார்? அது எனக்கு ஆகாது. மீதி அட்டைகளை மடமடவென்று முடித்துச் செலுத்திவிட்டு, நேரே போய் அவரை அழைத்து வந்தேன். “சார், தப்பு என்னுதுதான். ஆனா நான் பொய் சொல்லல” என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சுவரைப் பார்த்தார். காது சிவந்தது. “அதைத் தள்ளி வச்சதே நான்தாம்மா” என்றார்.

அவருடைய கைக்கடிகாரத்தைப் பார்த்தே கம்ப்யூட்டருக்குச் சரியான நேரத்தைக் கொடுத்தேன். பன்னிரண்டு இருபத்தெட்டு. மூன்று பேரும் எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அந்த இரண்டு நிமிஷம் எனக்கு இரண்டு மணி நேரம். பன்னிரண்டரை ஆனதும் பிரிண்டர் கடகடவென்று கிளம்பியது. ஒரு வரியோடு நிற்கவில்லை. முழுப் பட்டியலும் இறங்கியது!

படகுக்காரர் விசிலே அடித்துவிட்டார். “அண்ணாத்த, இப்ப இன்னா சொல்ற?” என்று அதிகாரியையே கேட்டார். அதிகாரி தாளைக் கிழித்து எடுத்து, “உங்களை நம்பாதது என் தப்பு. மன்னிச்சிடுங்கம்மா” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அன்றைக்குச் சாப்பிட்ட ஆறிப்போன தயிர்சாதத்தின் ருசி எந்த விருந்திலும் கிடைத்ததில்லை. சனிக்கிழமை அவர் எழுதிய ரிப்போர்ட்டால் வேலை நிரந்தரமானது.

பின்னாளில் எனக்குக் கீழேயும் பலர் வேலை பார்த்தார்கள். அவர்களில் யாராவது, “நான் சரியாத்தான் மேடம் செஞ்சேன்” என்று கண் கலங்கி நின்றபோதெல்லாம், முதலில் அவரை நம்பிவிட்டு, அதன் பிறகுதான் தப்பைத் தேடப் போயிருக்கிறேன்.