ராஜம் இன்டர்வியூவுக்குப் போன அன்று நான் அடக்கிய தும்மல்

உலக யுத்தக் காலம். மாட்டுங்காவில் எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாக ஒரு பெண், என் நாத்தனார் ராஜம், ரயிலில் போகவேண்டிய ஃபோர்ட் பகுதியில் டைப்பிஸ்ட் வேலை இன்டர்வியூவுக்குக் கிளம்பினாள். நல்ல சகுனத்துக்காக, இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நான் அவளுக்கு எதிரே வந்தேன். அந்த நேரம் பார்த்துத் தும்மல் முட்டியது. ஒற்றைத் தும்மல் விழுந்தால் மாமியார் அவளை உள்ளே உட்கார வைத்துவிடுவார், ரயில் போய்விடும். மூக்கை இறுக்கிப் பிடித்து, வாயையும் மூடிக்கொண்டு அதை அடக்கினேன். வலது காதுக்குள் ‘டப்’பென்றது. தொட்டுப் பார்த்தால் ரத்தம்.

படியிறங்கிய ராஜம் அதைப் பார்த்துத் திரும்பி வந்தாள்.

“கிளம்பினவ திரும்பப்படாதுடி” என்று மாமியார் தடுத்தார்.

“மன்னி காதுல ரத்தம் வரது. இப்பவும் சகுனமாம்மா?” என்று கேட்டுவிட்டு என்னை டாக்டரிடம் இழுத்துப்போனாள். தும்மலை அடக்கியதில் காது ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார் அவர்.

அதற்குப் பிறகுதான் ராஜம் ரயில் ஏறினாள். ஏன் தாமதம் என்று ஆபீஸில் கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாளாம். வேலை கிடைத்தது.

அந்தக் காதில் இன்றும் பாதிதான் கேட்கிறது. ஆனால் அவள் ஆபீஸ் கிளம்பும்போது எனக்கு வந்த தும்மலையெல்லாம் தெருவே கேட்கிற மாதிரி தும்மினேன். அவள் ஒருநாளும் நின்றதில்லை.