கமாலுதீன் கொண்டுவந்த புழுக்கை

2009 மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, கமாலுதீன் மூன்றாவது முறையாக என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் வெளிநாட்டுக் காபித்தூள் பாட்டில், அதற்குள் ஆட்டுப் புழுக்கை. முப்பத்தெட்டுக் குட்டிகளில் பதினொன்று செத்துவிட்டதாகச் சொன்னார்.

நான் அப்போது கடலூரில் ஒரு தனியார் கால்நடை லேபில் டெக்னீஷியன். மாடியில் லேப், கீழே மருந்துக் கடை, இரண்டுக்கும் ஒரே டாக்டர். ரிப்போர்ட்டில் புழு இருந்தால் புழு மருந்து கொடுப்பார். இல்லாவிட்டால் தாது உப்பு. எப்படியும் யாரும் வெறுங்கையோடு படியிறங்கியதில்லை.

கமாலுதீன் பதினான்கு வருடம் சவுதியில் டிரைவர். சிதம்பரம் பக்கத்தில் சொந்த ஊருக்குத் திரும்பி, செம்மறிப் பண்ணை போட்டிருந்தார். அவருடைய மச்சான் சவுதியிலிருந்தே புது விசாவைத் தயார் செய்து வைத்துக்கொண்டு தினமும் போன் போட்டார். அன்று கமாலுதீன் சுருக்கமாகத்தான் பேசினார்.

“குட்டிங்க நின்னா நான் இங்க நிப்பேன் சார். இல்லன்னா வர்ற மாசம் பிளைட்டு.”

புழுக்கையை உப்புத் தண்ணீரில் கரைத்து, மேலே மிதந்து வந்ததை ஸ்லைடில் எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு முறை போலவே ஒன்றும் இல்லை. இவ்வளவு சுத்தமான புழுக்கையை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ‘குறிப்பிடும்படி எதுவும் இல்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் மேலும் ஒரு தாது உப்புப் பொட்டலத்தை எழுதினார். ஊரில் யாரோ சொல்லி, கமாலுதீன் தன் பங்குக்கு இரண்டு தடவை புழு மருந்தும் ஊற்றியிருந்தார். ஆக, குட்டிகளுக்கு வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. பிழைக்கத்தான் இல்லை.

வியாழக்கிழமை போன் செய்தார். மேலும் மூன்று செத்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை, கடலூரில் நான் குடியிருந்த செம்மண்டலத்திலிருந்து கிளம்பி, பஸ் பிடித்து, அவர் பண்ணைக்குப் போனேன்.

பண்ணை நன்றாகத்தான் இருந்தது. பலகைக்குப் பலகை இடைவெளி விட்ட பரண். புழுக்கை கீழே விழுந்துவிடும், தரை காய்ந்தே இருக்கும். ஆனால் குட்டிகளின் கால் சிக்கிக்கொள்ளும் என்று அவை நிற்கும் பக்கம் மட்டும் சாக்கு விரித்திருந்தார். சாக்கு ஊறிப்போய் நாறியது. அதன்மேல் குட்டிகள் குன்றி நின்றன. பின்பக்கமெல்லாம் கழிச்சல் அப்பியிருந்தது, சிலவற்றில் ரத்தமும் சேர்ந்து.

இவற்றில் எதனுடைய புழுக்கையைக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். கமாலுதீன் எதிர்ப்பக்கம் கை காட்டினார். அங்கே இரண்டு வயதுக் கிடா ஒன்று, கல்யாண மாப்பிள்ளை மாதிரி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“பாய், சாவுறது குட்டி. கிடாவோடத எதுக்குக் கொண்டாந்தீங்க?”

“குட்டிங்களது தண்ணி மாதிரி போவுது சார், ஒரே நாத்தம். படிச்சவுங்க உக்காந்திருக்குற எடம். கொண்டாறது கொஞ்சம் பாக்குறாப்புல இருக்க வேணாமா?”

மரியாதை தெரிந்த மனிதர். அந்தக் கிடாவின் ஆரோக்கியத்துக்கு நான் மூன்று முறை சான்றிதழ் கொடுத்திருந்தேன்.

குட்டிகளின் கழிச்சலையே எடுத்துக்கொண்டு லேபுக்குத் திரும்பினேன். ஸ்லைடில் இடமில்லாத அளவுக்குக் காக்சிடியா முட்டைகள். காக்சிடியா புழு அல்ல. குடலில் வளரும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. ஈரத்தில் பெருகும். வளர்ந்த ஆடு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், குட்டி தாங்காது. புழு மருந்துக்கு அது அசையாது, தாது உப்புக்குக் கேட்கவே வேண்டாம்.

ரிப்போர்ட்டை டாக்டரிடம் நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தான் முதலிலேயே நினைத்ததாகச் சொன்னார். சரியான மருந்தை எழுதினார். பழக்கதோஷம், கீழே தாது உப்பையும் சேர்த்தார்.

கமாலுதீன் சாக்கையெல்லாம் கொளுத்தினார். குட்டிகளின் கால் சிக்காதபடி பலகை இடைவெளியைக் குறுக்கினார். ஐந்து நாள் மருந்து ஊற்றினார். அதற்குள் இன்னும் நான்கு போயின. இருபது நின்றன.

அடுத்த வாரம் நான் பண்ணையில் இருந்தபோதே மச்சானின் போன் வந்தது. கமாலுதீன் ஒரு குட்டியின் வாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“கழியறது நின்னுடுச்சி மச்சான். கெட்டியா போடுது. அந்த விசாவுக்கு வேற ஆளப் பாரு.”

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மைக்ரோஸ்கோப் பொய் சொல்லாது. நீங்கள் எதை வைத்தீர்களோ அதைத்தான் காட்டும். கண்ணை அதில் வைப்பதற்கு முன்னால் வாயைத் திறந்து, இது எந்த ஆட்டினுடையது என்று கேளுங்கள். எனக்கு அந்தக் கேள்வி வாயில் வருவதற்குப் பதினான்கு குட்டிகள் சாக வேண்டியிருந்தது.