ஆறறிவும் தாழ்ப்பாளும்

விலங்குக் காட்சிசாலையில் சிம்பன்சிக் கூண்டைக் கவனித்துக்கொண்ட ஊழியருக்கு 'ஆறறிவு' என்று பட்டப்பெயர். அவராகத் தேடிக்கொண்டதுதான். "மனுஷனுக்குச் சிம்பன்சி சொந்தமாமே?" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும். "உங்க வீட்டுல வேணா சொந்தமா இருக்கும். எங்க வம்சம் பொறக்கும்போதே ஆறறிவோட பொறந்தது" என்று ஒரே போடாகப் போடுவார். உள்ளே இருந்த கிழட்டுப் பெண் சிம்பன்சி காதைச் சொறிந்துகொள்ளும்.

கூண்டைத் திறக்கும்போது ஆறறிவு தாழ்ப்பாளை விரல் முட்டியால் மூன்று முறை தட்டுவார். பிறகுதான் இழுப்பார். முன்பு அந்த வேலையில் இருந்தவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். இருபத்திரண்டு வருடம் தட்டித் தட்டி முட்டி காய்த்துப்போயிருந்தது. அந்தக் காய்ப்பை அவர் அனுபவம் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால், சிம்பன்சி கூண்டுக்கு வெளியே அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து அறிவிப்புப் பலகையைக் கடித்துக்கொண்டிருந்தது. வேலை போச்சு என்று நினைத்தார் ஆறறிவு.

விசாரணையில் அதிகாரி கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார். சிம்பன்சி கம்பி இடுக்கில் கையை விட்டது, தாழ்ப்பாளை இழுத்தது. தட்டவே இல்லை.

"நீங்க ஏன் தட்டுறீங்க?"

"முன்னாடி இருந்தவர் தட்டுவார் சார்."

அவரைப் போனில் பிடித்தார்கள். "அப்போ தாழ்ப்பாள் துருப்பிடிச்சுக் கெடந்துச்சு, தட்டினாத்தான் அசையும். நான் ரிட்டயர் ஆனதுமே அந்தக் கதவையே மாத்திட்டாங்களே!"

விசாரணைக்கு வந்திருந்த கால்நடை மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மனுஷப் பிள்ளைங்க காட்டினத அப்படியே செய்யும் சார், தேவையில்லாததையும் சேத்து. சிம்பன்சி காரியத்த மட்டும் பாக்கும். நமக்கும் அதுக்கும் இதுவும் ஒரு வித்தியாசம்."

அதிகாரி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் அறிக்கை எழுதினார்: ஊழியர் முறை தவறாமல் தட்டியிருக்கிறார், தட்டாமல் திறந்தது விலங்குதான், ஊழியர்மேல் குற்றமில்லை. அதில் மேலதிகாரிகள் மூன்று பேர் கையெழுத்தும் போட்டார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்!

வேலை தப்பிய குஷியில் ஆறறிவு வீட்டில் அந்த அறிக்கையை இரண்டு முறை படித்துக் காட்டினார். மனைவி கையில் கரண்டியோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது கெடக்கட்டும். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள்கூடத் தட்டாம இழுத்துப் பாப்போம்னு உங்களுக்குத் தோணலையா?"

அத்தனை பேர் விசாரித்தும் ஒருத்தரும் கேட்காத கேள்வி. ஆறறிவுக்கு அவமானமாக இருந்தது.

"சோத்தப் போடு" என்றார்.