ஒரு மேசைக்கு ஒருவர்

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் கல்லூரி ரோபோட்டிக்ஸ் கிளப் மறுபடி நேரில் கூடியபோது, ஒரு மேசைக்கு ஒருவர்தான் என்று விதி வைத்தார்கள். நானும், என்னைவிட ஒரு வருடம் மூத்த தோழியும் சேர்ந்து ஒரே ரோபோவைச் செய்துகொண்டிருந்தோம். அதனால் திங்கட்கிழமை எனக்கு, வியாழக்கிழமை அவளுக்கு என்று பிரித்துவிட்டார்கள்.

செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, வாசலில் காய்ச்சல் பார்க்க நெற்றியைக் காட்டி, கையில் சானிடைசர் தடவிக்கொண்டு உட்காருவேன். அவள் பாதியில் விட்டுப்போன வேலை மேசையில் இருக்கும். மாஸ்க்குக்குள் என் மூச்சு எனக்கே கேட்கும்.

ஒரு மழை நாளில் ரோபோ முதன்முறையாக, தரையில் ஒட்டியிருந்த கறுப்புக் கோட்டின் மேலேயே விலகாமல் ஓடியது. "ஓடுது!" என்று கத்திவிட்டேன். மற்றவர்கள் இருந்த இடத்திலிருந்தே கைதட்டிவிட்டுத் தங்கள் வேலையில் குனிந்துகொண்டார்கள். அவளுக்கு வீடியோ கால் போட்டேன்.

"படம் அப்படியே நின்னுக்கினு இருக்குதுமா. நிஜமாவே ஓடுதா?"

"நிஜமாதான்க்கா."

"சரி, வியாழக்கிழமை பாத்துக்கறேன்."

அந்த வியாழக்கிழமை அவளும் தனியாகத்தான் பார்த்தாள். விதிகளைத் தளர்த்துவதற்குள் படிப்பு முடிந்து, ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். என் மேசைக்கு இரண்டாவது நாற்காலி வந்த அன்று, அதில் பையை வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.