லெட் நைட்ரேட்

ஐரினுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியின் தமிழ்வழிப் பிரிவில் வேதியியல் ஆசிரியை. இதற்கு முன் இரண்டு பள்ளிகளை விட்டு வந்தவள். முதல் பள்ளியில், ஆய்வகத்தில் புகை வெளியேற ஒரு ஜன்னல்கூட இல்லை என்று ஆண்டுவிழா மேடையில் சொன்னாள். இரண்டாவதில் என்ன சொன்னாள் என்று கணவன் ராயப்பனுக்கே முழுதாகத் தெரியாது. இங்கேயாவது வாயை மூடிக்கொண்டிரு என்று கேட்டுக்கொண்டான். மூடியிருந்தாள்.

இந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் சந்தேக வகுப்பு நடக்கும். மறுநாள் சோதித்துக் கண்டுபிடிக்க எந்த உப்பு வரும் என்று அதில் சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் அதற்கான சோதனைகளை மனப்பாடம் செய்து வந்து எழுதிக் கொடுப்பார்கள். சோதனைக்குழாய்கள் நனைவதில்லை. இந்த ஆண்டு லெட் நைட்ரேட். சொல்லச் சொன்னவர் தாளாளர். சொன்னவள் ஐரின்.

மாணவி ஹுமா அந்தச் சந்தேக வகுப்புக்கு வரவில்லை. அக்கா சனோபருக்கு நிக்காஹ். மறுநாள் மருதாணி சிவந்த கையோடு தேர்வுக்கு வந்தாள். பி.ஃபார்ம் படிக்க நினைத்திருப்பவள். செய்முறையில் மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃப் போய்விடும். ஐரின் அவள் காதில் ஒரு சொல் போட்டிருக்கலாம். அதற்காகவே பக்கத்தில் போனாள். ஹுமா கம்பியைச் சுடரில் பிடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்யத் தெரிந்த பிள்ளை, கண்டுபிடித்துவிடும் என்று ஐரின் திரும்பி வந்துவிட்டாள்.

வெளித்தேர்வாளர் மலைச்சாமி வாடிப்பட்டிப் பக்கமிருந்து வந்தவர். பள்ளி கொடுத்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுத் தாள் திருத்தினார். ஹுமாவின் தாளில் கால்சியம் கார்பனேட் என்று இருந்தது. சிவப்பு மையால் குறுக்கே அடித்தார்.

ஐரின் அதை வாங்கிப் படித்தாள். தண்ணீரில் கரையவில்லை. அமிலம் பட்டதும் நுரைத்துப் பொங்கியது. வந்த வாயு சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்கியது. சுடர் செங்கல் சிவப்பு. இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தது. மனப்பாடம் செய்தவர்கள் அடிப்பதில்லை.

"சார், அந்தப் பாட்டில்ல இருக்கறத ஒரு தடவ செஞ்சு பாத்துருவோம்."

"எதுக்கு டீச்சர்? மத்த அம்புட்டுப் பிள்ளைகளும் லெட் நைட்ரேட்டுன்னுதான எழுதியிருக்கு. இது ஒண்ணுதான் புதுசாக் கண்டுபிடிச்சிருக்கு."

ஐரின் குழாயில் பொடியைப் போட்டு அமிலத்தை ஊற்றினாள். பொங்கி விளிம்புவரை வந்தது. லெட் நைட்ரேட் பொங்காது. மலைச்சாமிக்கு அது தெரியும். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

ஆய்வக உதவியாளர் பாண்டியம்மாளைக் கூப்பிட்டு ஐரின் கேட்டாள். அவள் ஒளிக்கவில்லை.

"கோலமாவு டீச்சர், சுண்ணாம்புக்கல்லு அரைச்சது. உப்பு தீந்துபோச்சுன்னு தாளாளர்ட்டச் சொன்னேன். வெள்ளையா எதையாச்சும் போட்டு வையி, எவன் செஞ்சு பாக்கப் போறான்னாரு."

தாளாளர் வந்தார். பதறவில்லை. அந்தப் பிள்ளைக்கும் முழு மதிப்பெண் போட்டு முடித்துவிடலாமே என்றார். மலைச்சாமி தயங்கினார். விடைக்குறிப்பில் லெட் நைட்ரேட் இருக்கும்போது தாளில் வேறு உப்பு இருந்தால், நாளைக்கு யாராவது எடுத்துப் பார்த்தால் தன் தலைதான் உருளும் என்றார். வேண்டுமானால் அந்தப் பிள்ளை வேறு தாளில் மாற்றி எழுதிக் கொடுக்கட்டும்.

"அவ எழுதுனது சரி," என்றாள் ஐரின். குரல் தாழ்ந்து போயிருந்தது. "அத ஏன் மாத்தணும்?"

"அப்ப மத்த பிள்ளைக எழுதுனது தப்பு. அம்புட்டுப் பேருக்கும் சைபர் போடவா? நீங்க சொல்லிக்குடுத்துத்தான எழுதுச்சுக? சொல்லுங்க, போடுறேன்," என்றார் மலைச்சாமி.

ஐரின் கையிலிருந்த குழாயைத் தொட்டியில் எறிந்தாள். உடைந்தது.

ஹுமாவை வாசலிலிருந்து அழைத்து வந்தார்கள். தாளாளரே விஷயத்தைச் சொன்னார். அவள் தன் தாளின் குறுக்கே இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். பிறகு பொடி இருந்த பாட்டிலைப் பார்த்தாள். ஐரினை மட்டும் பார்க்கவில்லை. உட்கார்ந்து புதுத் தாளில் தன் தேர்வு எண்ணை எழுதினாள்.

"லெட் நைட்ரேட்ட நான் செஞ்சு பாத்ததில்ல மிஸ். சூடு பண்ணுனா என்ன வரும்?"

அறையில் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். மலைச்சாமி மின்விசிறியைப் பார்த்தார்.

"படபடன்னு வெடிக்கும்," என்றாள் ஐரின். "செம்பழுப்பு நிற வாயு வரும். எழுது."

ஹுமா எழுதினாள். பேனா அழுந்தித் தாள் கிழிந்தது.

"வேற தாள் குடுங்க சார்," என்றாள் ஐரின்.