ஃப்ரிட்ஜ் கதவில் ஆசென்

லோவெச் ஊரில் செத்தவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அதற்கு வெலிச்காதான் காரணம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற அச்சுக்கடையில் அவள் மரண அறிவிப்பு அடிக்கிறாள். நடுவில் படம், கீழே பெயர், சுற்றிலும் கறுப்புக் கரை. வீட்டுக் கதவில் ஒன்று, குடியிருப்பின் வாசல் கதவில் ஒன்று, பேருந்து நிறுத்தத்தில் ஒன்று என்று ஒட்டுவார்கள். ஆள் போனதும் ஒட்டுவார்கள், நாற்பதாம் நாள் ஒட்டுவார்கள், அப்புறம் வருஷா வருஷம் ஒட்டுவார்கள். உயிரோடு இருந்தபோது யார் கண்ணிலும் படாத மனிதர்கள்கூட செத்த பிறகு தெருத்தெருவாக நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வீட்டார் மூக்கைச் சிந்திக்கொண்டே கொண்டு வருவது பெரும்பாலும் அடையாள அட்டைப் படம். வெலிச்கா அதைக் கையால் தொடமாட்டாள்.

"என்ன இது, போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வச்ச மாதிரி? இந்த மூஞ்சியோடவா அனுப்பப் போறீங்க? கல்யாணத்துல, கடற்கரையில, எங்கயாச்சும் ஒரு நாள் சிரிச்சிருப்பாருல்ல? போய்த் தேடுங்க."

தேடிக்கொண்டு வருவார்கள். பக்கத்தில் நிற்பவரின் தோளையும் கையிலிருக்கும் ராக்கியா சாராயக் கிளாஸையும் பக்குவமாக வெட்டியெடுத்துவிட்டு, சிரிப்பை மட்டும் கரைக்குள் வைப்பாள். அதிகாரம் கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனால் அவள் சொன்னது சரி என்று எல்லாருக்கும் ஒட்டிப் பார்க்கும்போது புரிந்துவிடும்.

இப்படி ஊர்ச் சாவையெல்லாம் அசராமல் பார்த்தவளுக்கு, ஒரே மகன் ஆசென் விஷயத்தில் மட்டும் பயம் கூடவே குடியிருந்தது. அவன் ஜெர்மனியில் சாரம் கட்டுகிற வேலை பார்க்கிறான். ஏழு மாடி, எட்டு மாடி என்று அவன் சாதாரணமாகச் சொல்வான். இவள் இங்கே நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். டிவியில் அந்தப் பக்கம் காற்று என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்குச் சூப்பில் உப்பு இருக்காது, அல்லது இரண்டு தடவை இருக்கும்.

அந்த ஆசென்தான் ஊருக்கு வந்த நண்பன் ஒருவனிடம் ஒரு டிஜிட்டல் ஃபோட்டோ ஃப்ரேமைக் கொடுத்தனுப்பியிருந்தான். வந்தவன் வைஃபையில் இணைத்து, சமையலறை மேசையில் நிறுத்திக் காட்டினான்.

"அங்கிருந்து அவன் ஃபோன்ல அனுப்பினா இங்க தானா வந்துடும் அத்தை. கீழ ரெண்டு வரி எழுதவும் செய்யலாம். பின்னாடி காந்தம் இருக்கு, ஃப்ரிட்ஜ்லயே மாட்டிடுங்க. அம்மா நாள் முழுக்க அந்த ஃப்ரிட்ஜைத்தான் திறந்து மூடிட்டிருப்பாங்கன்னு ஆசென் சொன்னான்."

அவன் பேசிக்கொண்டே அதைக் கதவில் ஒட்டினான். ஒட்டிய மறுநொடி முதல் படம் வந்தது. தலையில் ஹெல்மெட்டோடு ஆசென், பல் தெரியச் சிரிக்கிறான். ஃப்ரேமுக்குக் கறுப்புக் கரை. பின்னால் வெள்ளைக் கதவு.

வெலிச்கா அதைப் பார்த்தபடி ஓரடி பின்வாங்கினாள். ஆயிரம் முகங்களை அந்தக் கரைக்குள் வைத்த கண் அது. அதற்கு வேறு மாதிரி பார்க்கத் தெரியாது. கதவில் கறுப்புக் கரை, கரைக்குள் சிரிக்கிற முகம். வந்தவனுக்கு காபி கொடுத்து, ஒரு பாட்டில் ஊறுகாயும் கட்டிக்கொடுத்து, சிரித்த முகமாக வழியனுப்பினாள். கதவைச் சாத்தியதும் வயரைப் பிடுங்கினாள். ஃப்ரேமைத் துணியில் சுற்றி, பெரிய அலமாரியின் கீழ் டிராயரில் மேசைவிரிப்புகளுக்கு அடியில் தள்ளினாள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

கணவன் பென்கோ கேட்டதற்கு, "காந்தம் நிக்கல, விழுந்துடும்" என்றாள். பென்கோ பஸ் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காந்தம் நிற்கவில்லை என்பதை நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். எப்படிச் சொல்வது? உன் முகத்தை அதற்குள் பார்த்தால் நீ செத்துப்போன மாதிரி இருக்கிறது என்று சாரத்தில் நிற்கிற பிள்ளையிடம் எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்வாள்? சொன்னால் பலித்துவிடும் என்று பயப்படுகிற ஊர் இது. ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டபோது பொய் சொன்னாள்.

"மாட்டிட்டியாம்மா?"

"மாட்டிட்டேன்டா. அம்சமா இருக்கு."

இங்கேதான் விவகாரம். அந்த வாரம் ஆசென் ஒரு படம் அனுப்பியிருந்தான். அதில் அவனோடு ஒரு பெண், நூர்தென். அவள் மடியில் ஒரு சின்னப் பெண் பிள்ளை. நூர்தென் நம் நாட்டிலேயே தலைமுறையாக வாழ்கிற துருக்கிக் குடும்பத்தவள், கணவனை இழந்தவள். படத்துக்குக் கீழே, "அம்மா, இவ நூர்தென். இது அவ பொண்ணு ஐலின். நாங்க ஒண்ணா இருக்கோம். உனக்குச் சம்மதமா?" என்று எழுதியிருந்தான். நேரே சொல்ல இந்தக் குடும்பத்து ஆண்களுக்கு நாக்கு எழாது. படம் சொல்லிவிடும் என்று நினைத்தான். படமோ மேசைவிரிப்புக்கு அடியில் இருட்டில் கிடந்தது.

அடுத்த ஞாயிறு அவன் குரலில் ஒரு தயக்கம்.

"படமெல்லாம் பாக்கிறியாம்மா?"

"பாக்காம? அது பக்கத்துலதான நாள் பூரா நிக்கிறேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

அந்தப் பக்கம் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது கேட்டது.

"உனக்கு ஒண்ணும் சொல்லத் தோணலையா?"

"என்னத்தைச் சொல்றது? நல்லா சாப்பிடு. கம்பியில நிக்கிறப்ப ஃபோனைப் பாக்காதே."

"சரிம்மா" என்று வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் கூப்பிடுவது குறைந்தது. கூப்பிட்டாலும் அப்பாவிடம் வானிலை பேசிவிட்டு வைத்துவிடுவான். இவளாகக் கூப்பிட்டால், "வேலையில இருக்கேம்மா." பிள்ளை கையை விட்டு நழுவுகிறான் என்று வெலிச்காவுக்குத் தெரிந்தது, எதனால் என்று மட்டும் தெரியவில்லை. கடையில் ஒரு கிழவருடைய பெயரில் எழுத்தை விட்டுவிட்டாள். அவளுக்கு அப்படி நடந்ததே கிடையாது. வீட்டுக்கு வந்தால் உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு தோல் சீவாமல் உட்கார்ந்திருப்பாள்.

பென்கோ இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். ஆனால் விழுகிற பொருளை விழாமல் நிற்க வைக்கத் தெரியும். மகன் முகத்தைப் பார்க்காமல் இவள் வாடுகிறாள், முகத்தைக் காட்டும் பெட்டியோ காந்தம் நிற்காமல் டிராயரில் கிடக்கிறது. ஆக, கோளாறு காந்தத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை அவள் கடைக்குப் போனதும் நிலவறைக்குப் போய், பழுதான இரண்டு ஸ்பீக்கர்களை உடைத்து, உள்ளேயிருந்த கனமான காந்தங்களை எடுத்து வந்தார். ஃப்ரேமின் முதுகில் பசை போட்டு ஒட்டி, சாயங்காலம் வரை காய விட்டார். வயர் கதவிடுக்கில் நசுங்காமல் இருக்க, கீல் பக்கமாக மேலே கொண்டுபோய், கதவு முழுக்கத் திறந்தாலும் இழுபடாதபடி ஒரு சுற்று தளர்த்தி விட்டார். கதவைத் திறந்தார், மூடினார், ஓங்கிச் சாத்திப் பார்த்தார். அசையவில்லை. திரை ஒளிர்ந்து ஆசென் ஹெல்மெட்டோடு சிரித்தான். "இப்ப விழு பாப்போம்" என்று அதனிடம் சொல்லிவிட்டு, கொண்டாட ஒரு பாட்டில் எடுத்துவரவும் உடைத்த ஸ்பீக்கர்களை ஒதுக்கி வைக்கவும் மறுபடி நிலவறைக்கு இறங்கினார். வெக்கை நாள்; வீட்டுக் கதவைத் திறந்தே போட்டுவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ட்ஸோங்கா, வாங்கிப்போன சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். நேர் எதிரே சமையலறை, வெள்ளைக் கதவு, கறுப்புக் கரை, உள்ளே ஆசென். சல்லடையைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். பாவம், அவளைக் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் பிறந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் கத்திக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேரே கீழே போய் நாலு வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கடையை மூடிவிட்டு வெலிச்கா பையோடு வந்தபோது குடியிருப்பு வாசலில் அக்கம்பக்கத்தார் கூடி நின்றார்கள். பேச்சு சட்டென்று நின்றது. ட்ஸோங்காவின் கையில் கார்னேஷன் பூ. இரண்டு. பக்கத்தில் இருந்தவளிடம் நாலு. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்பார்கள். இரட்டையாக இருந்தால் அது சாவு வீட்டுக்கு.

"யாரு?" என்றாள் வெலிச்கா. கடையில் கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள்.

ட்ஸோங்கா அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாக்கா? தனியாவா தாங்குவ? கடவுள் நம்ம ஆசெனை மன்னிக்கட்டும்."

செத்தவர்களுக்குச் சொல்கிற அந்த வாக்கியத்தை வெலிச்கா எத்தனை பெயர்களுக்குப் பக்கத்தில் அடித்திருக்கிறாள் என்பதற்குக் கணக்கில்லை. இந்தப் பெயருக்குப் பக்கத்தில் அதைக் கேட்பது இதுவே முதல் தடவை. பை விழுந்தது. தக்காளி உருண்டது. "யார் சொன்னா?" என்று கேட்டாள்.

"நீயேதான மாட்டி வச்சிருக்க, சமையல்கட்டுல…"

அவள் எப்படி மாடியேறினாள் என்று அவளுக்கே தெரியாது. சமையலறை வாசலில் நின்றாள். கரைக்குள் ஆசென் சிரித்துக்கொண்டிருந்தான். எந்தப் படத்தைக் கண்ணால் பார்க்கக்கூடாது என்று ஒளித்து வைத்தாளோ அதற்கு நேராகப் போய், இரண்டு கையாலும் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போது படம் மாறியது. ஆசென், பக்கத்தில் ஒரு பெண், மடியில் முன்பல் விழுந்த ஒரு குழந்தை. கீழே அந்த வரிகள். வெலிச்கா படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு அடுத்த படம்: வெறும் பூந்தொட்டி ஒன்று. "பாத்தியாம்மா?" அதற்கடுத்து, "கோவமா?" அதோடு முடிந்து, திரும்பவும் ஹெல்மெட்.

"விழல பாத்தியா!" என்று பின்னால் பென்கோவின் குரல். கையில் பாட்டில், முகம் நிறையப் பெருமை. அவருக்குப் பின்னால் பூவோடு பாதிக் குடியிருப்பு. "இவங்கல்லாம் ஏன் அழறாங்க?"

வெலிச்கா ஃபோனை எடுத்தாள். ஆசென் எண்ணில் வீடியோவை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான். யாரோ ஒருவருடைய சமையலறை. ஆசென் பனியனோடு, வாயில் ரொட்டி.

"அம்மா? என்னாச்சு? யாரது பின்னால? யார் செத்தது?"

"நீதான்டா!" என்று அவள் கத்தினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நீதான் செத்த! ஊரே பூவோட வந்து நிக்குது!"

ட்ஸோங்கா ஃபோனுக்குள் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, மென்னுட்டு இருக்கான்" என்று இன்னும் பலமாக அழுதாள்.

வெலிச்கா எல்லாரையும் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் போனாள். எல்லார் காதிலும் விழும் என்று தெரிந்தும் சொன்னாள்.

"ஆசென், கேளு. நான் படத்தைப் பாக்கலடா. இன்னைக்குத்தான் பாத்தேன். பொய் சொன்னேன். அது கறுப்பா இருக்கு. நீ அதுக்குள்ள சிரிக்கிற. நான் தினமும் என்ன வேலை பாக்கிறேன்னு உனக்குத் தெரியாதா? என்னால முடியலடா. டிராயர்ல வச்சுட்டேன்."

அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான். ரொட்டியைக் கீழே வைத்தான்.

"நான் வேற நினைச்சேம்மா" என்றான். "அவ துருக்கிப் பொண்ணு, குழந்தை வேற இருக்குன்னு… உனக்குப் பிடிக்கலன்னு நினைச்சேன். அவகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

"அவகிட்டயா சொன்ன? மடையா! ஃபோனை அவகிட்ட குடு."

திரை ஆடியது. படத்தில் பார்த்த பெண் வந்தாள். படத்தைவிட இளைத்திருந்தாள். நேராகப் பார்க்கவில்லை, நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"எல்லாம் காதுல விழுந்தது அத்தை" என்றாள். "அது என் தப்புதான். கடையில அந்த ஃப்ரேமை நான்தான் எடுத்துக் குடுத்தேன். கறுப்புன்னு நான் யோசிக்கவே இல்ல. எங்க வீடுகள்ல பச்சைக் கரைதான போடுவாங்க. எங்க வீட்டுக்காரருக்கு…" நிறுத்தினாள். "அதனால நான் அங்க பச்சையை மட்டும் தள்ளி வச்சுட்டு, இதை எடுத்தேன்."

முஸ்லிம் வீட்டுச் சாவுக்குப் பச்சைக் கரை போடுவது வெலிச்காவுக்கு நன்றாகவே தெரியும். அவற்றையும் அவள்தான் அடிக்கிறாள். கடை அலமாரியின் முன்னால் நின்று, ஒரு நிறத்தைத் தொட முடியாமல் கையை இழுத்துக்கொண்ட அந்தப் பெண்ணை அவளால் கண்ணால் பார்க்க முடிந்தது. ஃப்ரேமை ஒளித்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவிய தன் கையைப் போலவே அதுவும் ஒரு கை.

"நூர்தென்" என்றாள். அந்தப் பெயரை முதல் தடவையாகச் சொல்வதால் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். "நீ சாப்பிட்டியாம்மா?"

"இப்பத்தான் உக்காந்தோம்."

"குழந்தை?"

"அவளும்தான்."

"சரி, சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு லீவ் எப்பன்னு பாருங்க. கறுப்பும் வேண்டாம், பச்சையும் வேண்டாம். படமே இனி அனுப்பாதீங்க. மூணு பேரும் ஆளா வாங்க."

அந்தப் பக்கம் நூர்தென் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முன்பல் இல்லாத ஐலின் நடுவில் தலையை நீட்டி, இந்தப் பாட்டி யார், ஏன் எல்லாரும் அழுகிறார்கள் என்று துருக்கியில் கேட்டாள். கேள்வி இவர்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் வெலிச்கா, "ஆமாம்மா, ஆமா" என்று பதில் சொன்னாள்.