கொசுறாக இருபது லெவல்

மல்லசமுத்திரத்து ஜெயபிரகாஷுக்கு, அடுத்தவர்களின் ஆன்லைன் விளையாட்டைக் கூலிக்கு விளையாடி, அவர்களுடைய வீரனை லெவல் ஏற்றித் தருவது தொழில். ஊரார் பொழுதைப் போக்கிக் கொடுத்தே அவருக்குப் பொழுது போதவில்லை.

சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்க்கும் கதிர்வேல், தன் வீரனை நாற்பதாம் லெவலுக்கு ஏற்றித் தரச் சொன்னார். காய் வாங்கினால் கறிவேப்பிலை சும்மா கொடுக்கிற ஊர் இது. ஜெயபிரகாஷும் பெருந்தன்மையாக இருபது சேர்த்து அறுபதாக்கிக் கொடுத்தார்.

மறுநாளே போன் வந்தது.

"ஏனுங்க, நாப்பதுதானுங்களே கேட்டேன்? எம் பொண்டாட்டி தனப்பிரியா நாப்பதுல நிக்கறா. அஞ்சு லெவலுக்கு மேல வித்தியாசம் இருந்தா ரெண்டு பேரும் சேந்து ஆட முடியாதுங்க. எறக்கிக் குடுங்க."

"ஏத்தத்தானுங்க முடியும், எறக்க வழியே இல்லீங்க. வேணும்னா அவங்களுதையும் சும்மாவே அறுபதாக்கித் தாரேன்."

"அவ ஒத்துக்க மாட்டாளுங்க. ஒரு வருசமா தானே ஆடி ஏறுனவ. போன்ல பேசுனா எங்களுக்குச் சண்டைதானுங்க வருது. அந்த ஆட்டத்துல மட்டுந்தான் சிரிச்சுப் பேசிக்குவோம்."

ஜெயபிரகாஷ் கூலியைத் திருப்பி அனுப்பினார்.

அந்த விளையாட்டில் அவருக்குத் தெரியாத மூலைமுடுக்கு கிடையாது. இந்த ஒரு விதி மட்டும் தெரிந்திருக்கவில்லை. ஒன்பது வருஷத்தில் அவர் யாரோடும் சேர்ந்து விளையாடியதில்லை.